சொந்தமாகக் கட்டிய இருவர் விமானத்தில் ஸ்டால் வேகச் சோதனை: 1.3 மடங்கை எந்த எண்ணோடு பெருக்குவது?

தச்சன்சிறகு:

அனைவருக்கும் வணக்கம். பாகங்களாக வாங்கிய கிட்டிலிருந்து நான் கட்டிய, இருவர் அமரும் தாழ் இறக்கை விமானம் முதற்கட்டப் பறப்புகளைச் சிக்கலின்றி முடித்திருக்கிறது. எஞ்சின் வெப்பநிலையும் எரிபொருள் ஓட்டமும் சீராக இருப்பதால், இப்போது ஸ்டால் (காற்றோட்டம் பிரிந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) சோதனைக்கு வந்திருக்கிறேன்.

நான் மட்டும் ஏறி, பாதி எரிபொருளுடன் பறந்தபோது மொத்த எடை 460 கிலோ. அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 600 கிலோ. இறக்கைப் பரப்பு 11 சதுர மீட்டர். எஞ்சினை ஐடிலில் விட்டு மூக்கை மெதுவாக உயர்த்திக்கொண்டே வந்தால், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) இறக்காத நிலையில் வேகமானி 37 நாட் காட்டும்போது ஸ்டால் வருகிறது. ஃபிளாப்பை முழுமையாக இறக்கினால் 34 நாட். மூக்கு தானாகத் தாழ்கிறது, இடது இறக்கை சற்று முன்னதாக விழுகிறது, தண்டைத் தளர்த்தியதும் விமானம் உடனே மீள்கிறது. கிட்டின் ஆவணத்தில் ஃபிளாப் இல்லாத ஸ்டால் வேகம் 600 கிலோவுக்கு 43 நாட் என்று இருக்கிறது.

தரையிறங்கும் அணுகல் வேகம் ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்காக இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி, 34ஐ 1.3ஆல் பெருக்கி 44 நாட் என்று குறித்துக்கொள்ளலாமா? கணக்கு சரிதான், ஆனால் 44 நாட்டில் மூக்கு இருக்கும் உயரத்தைப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை.

மேற்காற்று:

உங்கள் எண்கள் நன்றாகவே பொருந்துகின்றன என்று நினைக்கிறேன். ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 600ஐ 460ஆல் வகுத்தால் 1.304, அதன் வர்க்கமூலம் 1.142. 37ஐ அதனால் பெருக்கினால் 42.3 நாட் வருகிறது. ஆவணம் 43 என்கிறது. உங்கள் கையில் உருவான ஒரு விமானத்துக்கு இதைவிட நெருக்கமான பொருத்தத்தை எதிர்பார்க்க முடியாது. எனவே உச்ச எடைக்கு 34ஐ 39 ஆக்கி, அதன் 1.3 மடங்காக 51 நாட் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அளவுகோல்:

எடைத் திருத்தம் பற்றி மேற்காற்று சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டு எண்கள் ஒத்துப்போவதால் அவை சரியென்று ஆகிவிடாது. ஆவணத்திலுள்ள 43 என்பது மீட்டர், அதாவது வேகமானி, காட்டிய வேகமா, பிழை நீக்கிய திருத்திய வேகமா என்று அதில் குறிப்பிட்டிருக்கிறதா? இல்லையென்றால், மாதிரி விமானத்தில் இதே இடத்தில், இதே கோணத்தில் பொருத்தப்பட்ட பிட்டோ குழாய் (எதிர்வரும் காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குத் தருவது) காட்டிய எண்ணாகவே அது இருக்கக்கூடும். அப்படியானால் அவர்களுடைய அளவையும் உங்களுடைய அளவையும் ஒரே பிழைதான் கீழே இழுத்திருக்கும். அதனால்தான் இரண்டும் பொருந்துகின்றன.

இதைச் சோதிக்க விமானத்தில் ஏறக்கூட வேண்டியதில்லை. 460 கிலோவைத் தாங்க 37 நாட்டில், அதாவது வினாடிக்கு 19 மீட்டர் வேகத்தில், 11 சதுர மீட்டர் இறக்கைக்கு எவ்வளவு தூக்குவிசைக் கெழு (இறக்கையின் தூக்கும் திறனைக் காட்டும் எண்) தேவை என்று கணக்கிடுங்கள். கடல்மட்டக் காற்றடர்த்தியில் ஏறக்குறைய 1.85 வருகிறது. ஃபிளாப்போ முன்விளிம்புத் துளையோ இல்லாத, இந்த அளவுள்ள ஒரு சாதாரண இறக்கை முழுமைக்குமாக 1.3 முதல் 1.5 வரைதான் தரும். 1.4 என்று வைத்துக் கணக்கிட்டால் ஸ்டால் வேகம் 42.5 நாட் ஆகிறது. உங்கள் மீட்டர் அந்த இடத்தில் ஐந்து நாட்டுக்கு மேல் குறைத்துக் காட்டுகிறது என்று சந்தேகிக்க இதுவே போதுமான காரணம்.

அப்படிக் குறைத்துக் காட்டுவது அதிசயமும் அல்ல. ஸ்டாலை நெருங்கும்போது இறக்கையின் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு இறக்கை அமையும் கோணம்) 15 பாகை அளவுக்கு உயர்கிறது. பிட்டோ குழாயின் வாய் காற்றோட்டத்துக்கு நேராக இல்லாமல் சாய்ந்துவிடுவதால் முழு அழுத்தமும் உள்ளே சேர்வதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளையைச் சுற்றியுள்ள காற்றோட்டமும் அப்போது மாறுகிறது. பயண வேகத்தில் மிகச் சரியாகக் காட்டும் மீட்டர், மிகவும் தேவைப்படும் அந்த மூலையில் மட்டும் பொய் சொல்கிறது.

இன்னொன்று: உங்கள் வேகமானியின் முகப்பில் கோடுகள் எந்த எண்ணிலிருந்து தொடங்குகின்றன?

தச்சன்சிறகு:

40 நாட்டிலிருந்து. அதற்குக் கீழே முள் ஓய்ந்து நிற்கும் இடம் வரை ஒரு விரல் அகலம் வெறுமையாக இருக்கிறது. 37 என்றும் 34 என்றும் நான் எழுதியவை, காணொளியில் முள்ளின் நிலையைப் பார்த்து மதிப்பிட்டவை. ஸ்டாலுக்கு முந்தைய நடுக்கத்தில் முள்ளும் சேர்ந்து அதிர்கிறது. ஆவணத்தில் எந்த வேகம் என்ற குறிப்பு இல்லை.

அளவுகோல்:

அப்படியானால் வரிசையைத் திருப்புங்கள். முதலில் மீட்டர், பிறகு குழாய்கள், அதன் பிறகு காற்றில் அளவீடு. ஸ்டால் எண் கடைசியில் வரட்டும்.

மீட்டரைச் சரிபார்க்க ஒளிபுகும் மெல்லிய குழாயில் நீர் நிரப்பிய அழுத்தமானியே போதும். மீட்டரிலும் அதிலும் ஒரே அழுத்தம் சேரும்படி டி-இணைப்பு கொடுங்கள். நியம அடர்த்தியில் 40 நாட் என்பது 26 மில்லிமீட்டர் நீருயரம். 50 நாட் என்பது 41 மில்லிமீட்டர். 100 நாட் என்பது 165 மில்லிமீட்டர். கீழ்வேகங்களில் பத்து நாட் வேறுபாடு என்பதே ஒன்றரை சென்டிமீட்டர் நீர்தான். அழுத்தம் இவ்வளவு சிறியதாக இருப்பதால், இணைப்பில் ஒரு சிறு கசிவு இருந்தாலும் எண் மாறிவிடும். அழுத்தத்தை ஏற்றிவிட்டுக் குழாயை மூடி ஒரு நிமிடம் காத்திருங்கள்; முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வாயால் ஊதாதீர்கள். மிகச் சிறிய ஊசிக்குழல் போதும், அதையும் மிக மெதுவாக அழுத்துங்கள். இல்லையென்றால் மீட்டரின் உள்தகடு சேதமடைந்துவிடும்.

காற்றில் அளவிட ஜிபிஎஸ் போதும். காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையில், மாறாத உயரத்தில், மீட்டர் வேகத்தை நிலையாக வைத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு திசைமுகங்களில் பறந்து ஒவ்வொன்றிலும் தரைவேகத்தைக் குறியுங்கள். திசைமுகத்தைத்தான் நிலையாக வைக்க வேண்டும். தரையில் வரையும் தடத்தை அல்ல. எதிரெதிர் முகங்களின் தரைவேகங்களை வர்க்கப்படுத்தி எடுக்கும் சராசரி, மெய்வேகத்தின் (காற்றுக்குச் சார்பாக விமானம் உண்மையில் செல்லும் வேகம்) வர்க்கமும் காற்றுவேகத்தின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையாக இருக்கும். 60 நாட்டில் பறக்கும்போது 10 நாட் காற்று அடித்தால், அதைக் கழிக்காமல் விடுவதால் வரும் பிழை ஒரு நாட்டுக்கும் குறைவு. எனவே காற்று குறைவாக உள்ள நாளில் இது பெரிய தொல்லை இல்லை.

பலர் வழுக்கும் இடம் அடுத்தது. ஜிபிஎஸ் கணக்கிலிருந்து கிடைப்பது மெய்வேகம். 5000 அடியில், நியம வெப்பநிலையில், அது திருத்திய வேகத்தைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு கூடுதல். அழுத்த உயரத்தையும் வெளி வெப்பநிலையையும் குறித்துவைத்து, அடர்த்திக்கான திருத்தத்தைச் செய்த பிறகுதான் மீட்டரோடு ஒப்பிட வேண்டும்.

60 நாட்டில் தொடங்கி ஐந்தைந்தாகக் குறைத்து, நிலையாகப் பறக்க முடிகிற குறைந்த வேகம் வரை வாருங்கள். ஸ்டால் புள்ளியில் நான்கு திசைகளில் நிலையாகப் பறக்க முடியாது. அந்த இறுதிப் பகுதியைக் கோடு நீட்டித்தான் பெற வேண்டும். இறக்கைக்கு முன்னே நீண்ட கம்பத்தில், காற்றோட்டத்துக்கு ஏற்பத் தானே திரும்பும் பிட்டோ தலையைப் பொருத்தினால் அதையும் நேரடியாக அளக்கலாம். ஆனால் பெரும்பாலோர்க்குக் கோட்டை நீட்டி, தூக்குவிசைக் கெழுவால் சரிபார்ப்பதே போதும்.

பழைய விமானி:

அளவீடு பற்றி அளவுகோல் முழுமையாக எழுதிவிட்டார். ஸ்டால் பறப்பு பற்றிச் சில சொல்கிறேன்.

வேகத்தை வினாடிக்கு ஒரு நாட் என்ற அளவில் குறையுங்கள். சான்றளிப்பு விதிகளில் நெடுங்காலமாக உள்ள அளவு இது. அதற்குக் காரணமும் உண்டு. மூக்கை வேகமாக உயர்த்தினால் காற்றோட்டம் பிரிவதற்கு முன் இறக்கை சற்று நேரம் கூடுதல் கோணத்தைத் தாங்கிக்கொள்ளும், மீட்டரும் பின்தங்கும், விளைவாக, அழகான ஆனால் பொய்யான எண் கிடைக்கும். டிரிம்மை (கைவிசையின்றித் தண்டை ஒரு வேகத்தில் நிறுத்தும் அமைப்பு) எதிர்பார்க்கும் ஸ்டால் வேகத்தின் ஒன்றரை மடங்கில் அமைத்துவிட்டு, அதன் பிறகு தொடாதீர்கள். ஒவ்வொரு நிலையிலும் பலமுறை செய்து, எண்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா என்று பாருங்கள். சிதறினால் பறக்கும் முறையில்தான் ஏதோ சீராக இல்லை.

இடது இறக்கை முன்னதாக விழுவதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் இருந்ததா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். நடுவில் இருந்தும் எப்போதும் இடதுபக்கமே விழுந்தால், இரு இறக்கைகளின் பொருத்துகோணத்தையும் ஃபிளாப்புகளின் இறக்கத்தையும் தரையில் அளந்து ஒப்பிடுங்கள். மேற்பரப்பில் கம்பளி நூல்களை ஒட்டி, கேமராவில் பதிவுசெய்தால் காற்றோட்டம் எங்கே முதலில் பிரிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிரிவு உடலை ஒட்டிய வேர்ப்பகுதியில் தொடங்கி வெளியே பரவ வேண்டும். நுனியில் தொடங்கினால், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லெரான் பயனற்றுப் போகும். அதோடு, விழும் இறக்கையைத் தூக்க எய்லெரானைத் திருப்பினால் அந்தப் பக்கத்து எய்லெரான் கீழிறங்கி, ஏற்கெனவே எல்லையில் உள்ள கோணத்தை மேலும் கூட்டிவிடும். அங்கிருந்து ஸ்பின்னுக்கு (சுழன்றபடி விழும் நிலை) அதிக தூரமில்லை. வேர்ப்பகுதியின் முன்விளிம்பில் முக்கோண வெட்டுமுகமுள்ள ஸ்டால் பட்டையைத் தற்காலிகமாக டேப்பால் ஒட்டிப் பார்த்து, இடத்தை ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் மாற்றி, திருப்தியான பின் நிலையாக ஒட்டுவது பழகிய வழி. அதனால் ஸ்டால் வேகம் சற்றுக் கூடலாம். கூடட்டும், முன்னறிவிப்பாக ஒரு தெளிவான நடுக்கம் கிடைப்பது அதைவிட மதிப்புள்ளது. அமெரிக்கச் சிறுவிமானச் சான்றளிப்புக்கான பழைய பகுதி 23 விதிகள் ஸ்டாலுக்குக் குறைந்தது 5 நாட் முன்பே எச்சரிக்கை வர வேண்டும் என்று கேட்டன. நம் விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நம் உடல் வேறு பொருளால் ஆனதல்ல.

உயரம்: தரையிலிருந்து 5000 அடிக்குக் கீழே இந்தச் சோதனையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த உயரத்தில் மீட்பு முயற்சியைக் கைவிட்டு வெளியேறுவீர்கள் என்பதைத் தரையிலேயே முடிவுசெய்து அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பாராசூட்டை அணிந்தபடி இருக்கையிலிருந்து உண்மையிலேயே எழ முடிகிறதா என்றும் தரையில் செய்து பாருங்கள். முன்புறம் கீல் உள்ள விதானம், காற்று அழுத்தும்போது திறக்க மறுக்கும். அதைக் கழற்றி எறியும் வழி இல்லையென்றால் பாராசூட் வெறும் மெத்தைதான்.

முன்சிறகு:

என்னுடையது லாங்-ஈசி வகையைச் சேர்ந்த, முன்சிறகுள்ள விமானம். முன்சிறகுதான் முதலில் எல்லையை எட்டி மூக்கைத் தாழ்த்திவிடுகிறது. முதன்மை இறக்கை ஸ்டால் ஆவதே இல்லை. எங்களுக்கு இந்தச் சோதனை எவ்வளவு பொருந்தும்?

பழைய விமானி:

வேக அளவீடு அப்படியே பொருந்தும். ஸ்டாலுக்குப் பதிலாக, தண்டை முழுமையாக இழுத்த நிலையில் நிலைக்கும் குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையத்தின் பின் எல்லையில் மட்டும் உங்களுக்கு எங்களைவிடக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். மையம் அதிகம் பின்னே போனால் முதன்மை இறக்கையும் ஸ்டால் ஆகலாம். அதன் பிறகு மூக்கைத் தாழ்த்த எதுவும் மிஞ்சாது. வடிவமைப்பாளர் வகுத்த பின் எல்லையைத் தாண்டிச் சோதிக்காதீர்கள்.

மேற்காற்று:

அளவுகோல் போட்ட கெழுக் கணக்கைச் செய்து பார்த்தேன். ஆவணத்தின் 43 நாட்டுக்கும் 1.8 அளவில் வருகிறது, எனவே அந்த எண்ணையும் நம்ப முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய வேகத்தைத் தேடுவதற்குப் பதிலாக, தாக்குகோணத்தைக் காட்டும் கருவியைப் பொருத்திவிட்டால் என்ன? இறக்கை கோணத்தால்தான் ஸ்டால் ஆகிறது. எடை கூடினாலும் திருப்பத்தில் சுமை கூடினாலும் அந்தக் கோணம் மாறாது. விமானி பார்க்க வேண்டிய எண் அதுதானே?

அளவுகோல்:

கொள்கையளவில் உங்களோடு உடன்படுகிறேன். அந்தக் கருவி இருப்பது நல்லதே. ஆனால் அதன் அடையாளக் கோடுகளை யார் வைப்பது? எங்கே ஸ்டால், எங்கே அணுகல் என்பதைக் கருவிக்குக் கற்பிப்பதே இந்தச் சோதனைப் பறப்புதான். அணுகல் அடையாளத்தை 1.3 மடங்கு வேகத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அந்த வேகத்தைத் தவறான மீட்டரிலிருந்து எடுத்தால் பிழை புதிய கருவிக்கும் குடிபெயர்ந்துவிடும். ஃபிளாப் இறங்கும்போது கோணத்தின் எல்லையும் மாறுவதால், ஒவ்வொரு ஃபிளாப் நிலைக்கும் தனியாக அடையாளம் வேண்டும்.

விதிகளும் இதே அடிப்படையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பகுதி 23இல் ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கு நெடுங்காலம் இருந்த 61 நாட் வரம்பும், ஐரோப்பாவின் சிஎஸ்-விஎல்ஏ (மிக இலகு விமானங்கள்) வகைக்கான 45 நாட் வரம்பும் திருத்திய வேகத்தையே குறிக்கின்றன. மீட்டரைக் கீழே காட்ட வைத்து அந்த வரம்புக்குள் நுழைய முடியாது.

தச்சன்சிறகு:

அளவீடு முடிந்தது, எண்களைத் தருகிறேன். மீட்டர் தனியாக நீர்க்குழாயோடு ஒப்பிடும்போது எல்லா இடத்திலும் ஒரு நாட்டுக்குள்தான் விலகுகிறது. குழாய்களில் கசிவு இல்லை. எனவே பிழை முழுவதும் பிட்டோ குழாயும் ஸ்டாட்டிக் துளையும் இருக்கும் இடத்தால் வருவதே.

460 கிலோ எடையில் மீட்டர் 60 காட்டும்போது திருத்திய வேகம் 61, 55க்கு 57, 50க்கு 53, 45க்கு 49. ஃபிளாப் இறக்கிய நிலையிலும் ஏறக்குறைய இதே விலகல்தான். கோட்டை நீட்டினால் ஃபிளாப் இல்லாத ஸ்டால் 43 நாட்டிலும், முழு ஃபிளாப்பில் 40 நாட்டிலும் விழுகிறது. 43 நாட்டுக்குக் கெழு 1.37, முழு ஃபிளாப்பில் 1.58. இரண்டுமே நம்பக்கூடிய எண்கள்.

இறக்கை விழுவது பற்றி: இடது ஃபிளாப் முழு இறக்கத்தில் வலதைவிட ஒன்றரைப் பாகை குறைவாக இறங்கியது. தள்ளுதண்டின் முனையைத் திருகிச் சரிசெய்த பிறகு ஃபிளாப் நிலையில் இறக்கை விழுவது நின்றுவிட்டது. ஃபிளாப் இல்லாத நிலையில் இன்னும் சற்று இருக்கிறது. நூல் ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.

அளவுகோல்:

அருமையான வேலை. இனி உங்கள் முதல் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லலாம்.

நீங்கள் குறிக்க நினைத்த 44 நாட் மீட்டர் வேகம், 460 கிலோவில் 48 நாட் திருத்திய வேகம். 48ஐ 40ஆல் வகுத்தால் 1.2. அதாவது 30 விழுக்காடு என்று நினைத்த இடைவெளியில் 20தான் உண்மையில் இருந்தது. அதே 44ஐ, பக்கத்து இருக்கையில் ஒருவர் ஏறி எடை 600 கிலோ ஆன நாளிலும் பிடித்திருந்தால் எஞ்சியிருப்பது ஏறக்குறைய 10 விழுக்காடு. 30 பாகைச் சாய்வில் உயரம் இழக்காமல் திரும்பினாலே ஸ்டால் வேகம் ஏழரை விழுக்காடு கூடுகிறது. 45 பாகையில் 19 விழுக்காடு. ஓடுதளத்தை நோக்கிய கடைசித் திருப்பத்தில், சற்றுத் தாண்டிவிட்டோமே என்று சாய்வைக் கூட்டும் விமானியிடம் அந்த 10 விழுக்காடு எவ்வளவு நேரம் தங்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூக்கின் உயரத்தைப் பார்த்து உங்கள் மனம் ஒப்பாதது சரியான உணர்வு.

சரியான எண்: 460 கிலோவில் 40ஐ 1.3ஆல் பெருக்கினால் 52 நாட் திருத்திய வேகம். மீட்டரில் அது 49. மீட்டரின் பிழை தாக்குகோணத்தைச் சார்ந்தது. ஸ்டாலின் அதே மடங்கில் பறக்கும்போது கோணமும் அதேதான். எனவே உச்ச எடைக்கு மீட்டர் எண்ணையே 1.142ஆல் பெருக்கலாம்: 56 நாட். மேற்காற்றின் 51 இதைவிட ஐந்து நாட் குறைவு. அட்டையில் 49, 56 என இரண்டையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் போதுமென்றால் 56ஐ எழுதுங்கள். தனியாக வரும்போது சற்று மிதந்து, கூடுதல் ஓடுதளம் பிடிக்கும் என்பதே அதற்கான விலை.

மானூவர் வேகத்தையும் (தண்டை முழுவதும் இழுத்தாலும் சுமை எல்லையைத் தாண்டாத உச்ச வேகம்) இதே அட்டவணையிலிருந்து திரும்பக் கணக்கிடுங்கள். 3.8 ஜி (எடையைப் போல 3.8 மடங்கு சுமை) எல்லைக்கு அது ஃபிளாப் இல்லாத ஸ்டாலின் 1.95 மடங்கு: 460 கிலோவில் 84 நாட், 600 கிலோவில் 96 நாட், இரண்டும் திருத்திய வேகத்தில். பழைய 37ஐ வைத்திருந்தால் 72 வந்திருக்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் பிழை பாதுகாப்பான பக்கமாக விழுந்திருக்கிறது.

பழைய விமானி:

இந்த எண்களை உச்ச எடைக்கு இறுதியானவையாகக் கொள்ள வேண்டாம். 600 கிலோ என்பது இன்னும் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. பறந்து பார்க்க வேண்டும். ஈர்ப்பு மையம் முன் எல்லையில் இருக்கும்போது வால் கீழ்நோக்கி அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதால் ஸ்டால் வேகம் சற்றுக் கூடும். ஆகவே எண்ணை முன் எல்லையிலும், குணத்தைப் பின் எல்லையிலும் சோதிப்பதே முறை.

எடையைப் படிப்படியாக ஏற்றுங்கள். பக்கத்து இருக்கையில் மணல்மூட்டையை வைத்தால் இருக்கைப் பட்டையோடு நிறுத்தாமல், தனிக் கயிற்றாலும் கட்டுங்கள். மூக்கு உயரும்போது மூட்டை பின்னால் சரிந்தால் நீங்கள் தயாராகும் முன்பே பின் எல்லைச் சோதனை தொடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் மூட்டைக்குப் பதிலாக நண்பர் யாரையும் ஏற்ற வேண்டாம். ஈர்ப்பு மையத்தைப் பின்னோக்கி ஒவ்வொரு பறப்பிலும் சிறிதளவே நகர்த்துங்கள். வேகம் குறையும்போது தண்டை இழுக்கத் தேவைப்படும் விசை ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும். அது இல்லாமல் போகும் இடத்திலோ, தண்டைத் தளர்த்திய பின்னும் மூக்கு தாழத் தயங்கும் இடத்திலோ நிறுத்திவிடுங்கள். ஆவணம் எந்த எல்லையைச் சொல்லியிருந்தாலும், உங்கள் விமானத்தின் பின் எல்லை அதற்கு முந்தைய படிதான்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 90-89 கையேடு இந்தப் படிகளை விரிவாகச் சொல்கிறது. நீங்கள் எந்த நாட்டு விதிகளின் கீழ் பறந்தாலும் அதைப் படிப்பது பயனுள்ளது. ஸ்டால் வேகத்தை லாக்புக்கில் பதியும்போது, எந்த எடையில், ஈர்ப்பு மையம் எங்கே இருக்கையில் அது கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தச்சன்சிறகு:

அப்படியே செய்கிறேன். அணுகல் வேகம் 56 என்று தற்காலிக அட்டை ஒட்டியாயிற்று. வேகமானியில் ஃபிளாப் இறக்கிப் பறக்கும் வேகங்களைக் குறிக்கும் வெள்ளை வளைவின் கீழ்முனையை உச்ச எடைப் பறப்பு முடிந்த பிறகு குறிக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: எஞ்சின் விசையுடன் செய்யும் ஸ்டாலை எந்தக் கட்டத்தில் வைப்பது?

பழைய விமானி:

ஃபிளாப் இல்லாத நிலையில் இறக்கை விழுவதைச் சரிசெய்த பிறகு, மையம் நடுவில் இருக்கையில், பாதி விசையில் தொடங்குங்கள். புரொப்பெல்லரின் காற்று வேர்ப்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஸ்டால் தாமதமாகவும், அதிக மூக்குயரத்திலும், கூடுதல் இறக்கை வீழ்ச்சியோடும் வரும். மீட்டர் அப்போது காட்டும் எண்ணை எந்த மடங்குக்கும் பயன்படுத்தாதீர்கள். விமானத்தின் குணத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். விழத் தொடங்கியதும் முதலில் தண்டை முன்னே தள்ளுங்கள். த்ராட்டிலைக் குறைப்பதும் எதிர்ப்பக்கச் சுக்கானும் அதோடு சேர்ந்தே வரட்டும். சுக்கானில் மிதி முழுவதும் போகிறதா என்று அன்று காலை புறப்படும் முன் இருக்கையில் அமர்ந்து அழுத்திப் பாருங்கள். தடித்த காலணியோடு பார்ப்பது நல்லது.